ஒரு சிரமமும் இல்லை

இதய டாக்டரின் அறைக்கு வெளியே, மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு லிஃப்ட்காரர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, தொங்கும் பெட்டியின் கூரைமேல் நின்றபடியே பதினாலு மாடி ஏறி இறங்கிய மனுஷர். உயரத்துக்குப் பயம் கிடையாது, இருட்டுக்குப் பயம் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரி என்றால் போச்சு. மகள் சின்ன வயதில் கையை உடைத்துக்கொண்டபோது, குழந்தைக்குக் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, மயங்கி விழுந்த அப்பனுக்குத்தான் முதலில் தண்ணீர் தெளித்தார்கள். அந்தக் கதையை அவர் மனைவி முப்பது வருடமாக, கேட்காதவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவந்தாள். இப்போது கொஞ்ச நாளாகச் சொல்வதில்லை. கதை அவளுக்கே சலித்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அவளுக்குக் கண்புரை எடுக்கப் போன இடத்தில் ஆரம்பித்த வினை. கண்ணைத் தொடுவதற்கு முன்னால் நெஞ்சையும் பார்த்துவிடலாம் என்று அங்கிருந்த டாக்டர் குழலை வைத்தார். வைத்தவர் எடுப்பதாக இல்லை. இங்கே வைத்தார், அங்கே வைத்தார், மூச்சை அடக்கச் சொன்னார், முன்னால் குனியச் சொன்னார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதே லிஃப்ட்காரருக்கு நல்ல சேதி இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்புறம் ஸ்கேன். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசலில் உள்ள வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிக் கிடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாதிக்கப்பட்டவள் என்னவோ நன்றாகத்தான் சாப்பிட்டாள்.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நடந்தா மூச்சு வாங்குதாம்மா?"

"இல்ல" என்றார் லிஃப்ட்காரர்.

"மாடிப்படி ஏறினா?"

"எங்க வீட்டுல லிஃப்ட் இருக்கும்மா. ஒரு சிரமமும் இல்ல."

"நெஞ்சு வலி, தலைசுத்தல், மயக்கம் மாதிரி?"

"அதெல்லாம் கிடையவே கிடையாது."

"வீட்டு வேலையெல்லாம் முன்ன மாதிரி நடக்குதா?"

"கனஜோரா நடக்குது."

நர்ஸ் பேனாவை நிறுத்தினாள். "அம்மா வாயே தொறக்க மாட்டேங்குறாங்களே."

"அவங்க ஸ்கூல்ல டிரில் டீச்சரா இருந்தவங்க. பேச வேண்டியதெல்லாம் மைதானத்துலயே பேசி முடிச்சிட்டாங்க."

நர்ஸ் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலும் தனக்கு நகைச்சுவை வருகிறதே என்று லிஃப்ட்காரருக்குத் தன்மேலேயே கொஞ்சம் மதிப்பு வந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணக்கூடிய பதிலைத்தான் சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது பக்கம் இருக்கும். கம்ப்யூட்டரில் ஸ்கேனை ஓடவிட்டுக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. லிஃப்ட்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டார்.

"இந்த வால்வு ஒரு காசு அகலத்துக்காவது தொறக்கணும். இப்ப ஒரு பென்சில் நுழையிற அளவுதான் தொறக்குது. நெலம மோசம்தான், மறைக்கிறதுக்கில்ல. ஆனா மாத்துறதா வேண்டாமாங்கிறது தொந்தரவு இருக்கா இல்லையாங்கிறதுலதான் இருக்கு. மூச்சு வாங்குறது, மயக்கம் வர்றதுன்னு ஆரம்பிச்சிருந்தா தள்ளிப்போடக் கூடாது. ஆரம்பிக்கலன்னா, இந்த வயசுக்கு, கவனமா பாத்துக்கிட்டே இருக்கலாம்." அவள் படிவத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லன்னு எழுதியிருக்கு. நெஜமாவே ஒண்ணும் இல்லையாம்மா?"

மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

"அப்ப ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பண்ணுவோம். நடுவுல ஏதாவதுன்னா அன்னிக்கே போன் பண்ணணும்."

லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டருக்கு மூன்று தரம் கும்பிடு போட்டார். டாக்சியில் வரும்போது வாய் ஓயாமல் பேசினார். அவர்கள் கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு தபால்காரர் இருந்தார். இதே மாதிரி இதயத்தில் ஏதோ அடைப்பு என்று, சிரித்துக்கொண்டே ஆபரேஷனுக்குப் போனார். சிரிக்கிற போட்டோவாகத்தான் திரும்பி வந்தார். நல்லவேளை, நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை என்றார். மனைவி ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கட்டிடத்துக்குள் நுழைந்தால் லிஃப்டின் கதவில் பலகை தொங்கியது. கயிறு மாற்றும் வேலை, இன்றும் நாளையும் ஓடாது. கயிறு தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று குடியிருப்போர் சங்கத்தை ஒரு வருடமாகப் பிடுங்கி எடுத்தவரே லிஃப்ட்காரர்தான். தேதி குறித்துக் கொடுத்ததும் அவரேதான். ஆஸ்பத்திரிக் கவலையில் சுத்தமாக மறந்து போயிருந்தார்.

"மூணு மாடிதானே டீச்சர். லெஃப்ட், ரைட், லெஃப்ட்னு போயிடலாம்" என்றார்.

முதல் மாடிவரை ஒன்றும் தெரியவில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினாள். திருப்பத்தில் நின்று, அங்கிருந்த சின்ன ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். என்ன பார்க்கிறாள் என்று அவரும் எட்டிப் பார்த்தார். எதிர்க் கட்டிடத்தின் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தன. அடுத்த எட்டுப் படி ஏறினாள். மறுபடி நின்றாள். இந்தத் தடவை பார்ப்பதற்கு ஜன்னல் இல்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன டீச்சர்?"

அவள் கையை மட்டும் ஆட்டினாள். அவருக்கு அவள் தோள்கள் தெரிந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு தோளும் காதுவரைக்கும் ஏறி இறங்கின. அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். உதடு பழைய ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. நெற்றியில் வியர்வை கொட்டியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வார்த்தை வரவில்லை. கைப்பிடியிலிருந்து அவள் கை தானாகக் கழன்றது.

அவள் விழவில்லை. அவர் மேல்தான் சரிந்தாள். அவர் முதுகைச் சுவரில் கொடுத்து அவளை அணைத்துப் பிடித்து, அப்படியே வழுக்கிப் படியில் உட்கார்ந்தார். அவள் தலை அவர் மார்பில் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருடத்தில் அவள் பெயரை அவர் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை. யாரும் கதவைத் திறக்கவில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதுதானா, இந்தப் படியில்தானா, இப்படித்தானா என்பதே மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

அரை நிமிஷம் இருக்குமோ என்னவோ. அவள் கண் அசைந்தது. "எந்திரிக்கலாம்" என்றாள், எதுவும் நடக்காதது மாதிரி.

வீடு போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. கட்டிலில் சாய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் நிறம் வந்தது. அவர் டாக்டரின் நம்பரை எடுத்தார். அவள் போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுபத்தேழு வயசுல. மாடி ஏறினா. யாருக்குத்தான் மூச்சு வாங்காது?"

"நான் உன்ன விட ரெண்டு வயசு பெரியவன். எனக்கு வாங்கலையே."

"நீங்க லிஃப்ட்காரர்" என்றாள். "காலையில. ஒண்ணும் சாப்பிடல. அதான்."

அதை நம்ப அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது. நம்பினால் ஆறு மாதம் கிடைக்கும். நம்பாவிட்டால் கத்தி. ரத்தப் பரிசோதனைக்காக அன்றைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததும் உண்மைதான். அவர் அடுப்படிக்குப் போய் டீ போட்டார். டீ போடும்போதுதான், இந்த வீட்டில் கடைசியாக அவள் டீ போட்டது எப்போது என்ற கேள்வி வந்தது.

வந்த கேள்வி அவரை விடவில்லை. கடைக்குப் பை தூக்குவதை எப்போது அவர் எடுத்துக்கொண்டார்? துணி உலர்த்துவதை? மெத்தையைத் தட்டிப் போடுவதை? வேலை பார்த்த காலத்தில் வீட்டில் ஒரு தம்ளரை நகர்த்தி வைத்தவரில்லை. ஓய்வு பெற்றபின் அந்தக் கடனை அடைக்கிற வேகத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார். கட்டிடத்தில் மற்ற பெண்கள் தங்கள் புருஷன்மார்களிடம் அவரைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அவருக்குத் தலை கால் புரியவில்லை. முன்பெல்லாம் இருவரும் பூங்காவை நாலு சுற்று சுற்றுவார்கள். பிறகு இரண்டானது. இப்போது கேட் பக்கத்து பெஞ்சோடு சரி. உங்க முட்டி வலிக்குமே, இங்கேயே உட்காரலாம் என்பாள். முட்டி உண்மையிலேயே கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

தொழிலில் அவர் கற்ற பெரிய பாடம் ஒன்று உண்டு. லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று குடியிருப்பவர்களிடம் கேட்கவே கூடாது. நல்லாத்தான் ஓடுது என்பார்கள். கதவை முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் மூடும், ஆறாவது மாடிக்கு ஏழாம் நம்பரை அழுத்தி ஒரு மாடி இறங்க வேண்டும். பழகிப் போனவர்களுக்கு அது கோளாறு என்றே தோன்றாது. மெக்கானிக் தானே ஏறி ஓட்டிப் பார்க்க வேண்டும். இதைப் புது மெக்கானிக்குகளிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார். அப்பேர்ப்பட்டவர் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு குடியிருப்பவனாக நின்று, கனஜோராக நடக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் காலை வெளியூரிலிருந்து மகள் போன் பண்ணினாள்.

"டாக்டர் என்னப்பா சொன்னாங்க?"

"ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க."

"அப்பாடா. அம்மா நல்லா இருக்காங்கல்ல?"

அவர் கட்டில் பக்கம் பார்த்தார். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள், சொல்ல வேண்டாம் என்ற அர்த்தத்தில்.

"நல்லா இருக்கா" என்றார். பேசி முடித்ததும் அவள் போனை வாங்கி மறுபடி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று முழுக்க அவருக்கு நரகம். சொன்னால் ஆபரேஷன். ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால், சும்மா இருந்தவளைத் தன் வாயால் கொண்டுபோய்க் கொடுத்த பாவம் அவர் தலையில். சொல்லாவிட்டால், ஏதோ ஒரு படியில், ஏதோ ஒரு காலையில், மறுபடி அந்தக் கண். அடுத்த தடவை அரை நிமிஷத்தில் திரும்பி வருவாள் என்று யார் எழுதிக் கொடுத்தது? அவள் தும்மினாலும் எட்டிப் பார்த்தார். தூங்கினால் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான் நின்றது.

கடைசியில் தன் வேலையின் புத்தியைத்தான் நம்பினார். தானே ஓட்டிப் பார்த்துவிடுவது. ஆனால் அவளை நடக்கவிட்டுப் பார்க்க மனசு வரவில்லை. அதனால் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு, மழை ஈரத்தில் சேறு அப்பிய செருப்போடு நேராகக் கூடத்துக்குள் நடந்து வந்தார். துடைத்த தரையில் வரிசையாக ஏழெட்டுத் தடம்.

இதற்கு அவள் கொடுக்கும் அர்ச்சனை அவருக்கு மனப்பாடம். எத்தனை தடவை சொல்றது, கண்ணு எங்க இருக்கு, லிஃப்ட் ஷெட்டுன்னு நினைப்பா என்று தொடங்கி, அவர் அம்மா வளர்த்த லட்சணம்வரைக்கும் மூச்சு விடாமல் போய், மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் முடியும். அதற்காகவே அவர் எத்தனையோ தரம் வேண்டுமென்று செய்திருக்கிறார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எத்தன தடவ" என்றாள். நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். "சொல்றது" என்றாள். மறுபடி நிறுத்தினாள். பிறகு, "போங்க. தொடச்சிடுங்க" என்று முடித்துவிட்டாள்.

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவள் வயசானபின் சாந்தமாகிவிட்டாள் என்று ஒரு வருடமாக ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். சாந்தமும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய காற்று அவளிடம் இல்லை. அவருக்குக் கண் கலங்கியது. தரையைத் துடைக்கும் சாக்கில் குனிந்து அழுதார். துடைத்து முடித்ததும் தலையணைக்கு அடியிலிருந்த போனைக் கேட்காமலே எடுத்து, ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினார். அவள் தடுக்கவில்லை.

"நேத்து நான் சொன்னதெல்லாம் தப்பும்மா" என்றார் நர்ஸிடம். "படி ஏறினா கண்ணு சொருகிடுச்சு. பேசினா மூச்சு வாங்குது. வீட்டு வேலை எல்லாம் நான்தான் செய்யிறேன்."

"நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்துடுங்க சார்" என்றாள் நர்ஸ். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா அவரை ஓரமாக உட்கார வைத்து, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நாற்காலியை மனைவிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இப்ப நீங்க சொல்லுங்க. எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷம் இருக்கும்" என்றாள் மனைவி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் காத்திருந்து காத்திருந்து சொன்னாள். "மொதல்ல பூங்காவுல. ரெண்டாவது சுத்துல நெஞ்ச அழுத்துச்சு. இவரு முட்டி மேல பழியப் போட்டு உக்காந்துட்டேன். அப்புறம் ஒரு நாள் குளிக்கிற எடத்துல கண்ணு இருட்டிச்சு. கதவச் சாத்தியிருந்தேன். அதனால தெரியல."

லிஃப்ட்காரர் எழுந்தே விட்டார். டாக்டர் கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா இவரு படுத்துடுவாரு டாக்டர். இவருக்கு ஒரு ஊசியக்கூடப் பாக்க முடியாது. தபால்காரர் போனப்ப பத்து நாள் சரியா சாப்பிடல. இவர யாரு பாத்துக்குவா?" கொஞ்சம் நிறுத்தினாள். "இவரே ஒவ்வொரு வேலையா எடுத்துக்கிட்டாரு. பெருமையா வேற இருந்தாரு. நானும் விட்டுட்டேன்."

அன்பினால் அவளுடைய நோயைத் தான்தான் மூடி வைத்தோம் என்று இரண்டு நாளாக லிஃப்ட்காரர் தன்னை நொந்துகொண்டிருந்தார். அதில்கூட ஒரு சின்னப் பெருமை இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. அவருடைய பயத்தை ஒரு வருடமாக அவள் சுமந்திருக்கிறாள், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தலாம். நூறு பேருக்குச் செய்தால் இரண்டு மூன்று பேர் பிழைப்பதில்லை. இன்னும் இரண்டு மூன்று பேருக்குப் பக்கவாதம் வரலாம். சிலருக்குப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். மற்றவர்கள் சில நாளில் வீட்டுக்குப் போகிறார்கள். எதுவும் செய்யாமல் விட்டால், இந்த நிலையில் இருப்பவர்களில் பாதிப் பேர் இரண்டு வருடம் தாண்டுவதில்லை.

"முடிவு உங்களோடதும்மா. நேரம் எடுத்துக்கலாம். ரொம்ப எடுத்துக்க வேண்டாம்."

"பண்ணிடலாம்" என்றாள் மனைவி.

டாக்டர் திரும்பினாள். "சார், இப்ப நீங்க பேசலாம். என்ன சொல்றீங்க?"

அவர் வாயைத் திறந்தார். நூறில் மூன்று என்பது அவர் காதில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மூன்றில் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது.

"எனக்கு ரொம்ப பயமா இருக்கு டாக்டர்" என்றார். "இவ இல்லாட்டி எனக்கு ஒண்ணும் தெரியாது."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ஆனால் பழைய டீச்சரின் கண்டிப்பு இருந்தது.

"பயந்துக்குங்க" என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்னு சொல்லல. ஆனா இனிமே உங்களுக்காக நான் மூச்ச அடக்கிக்கிட்டு இருக்க மாட்டேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள். நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மனைவி எல்லாப் பக்கத்தையும் நிதானமாகப் படித்து, தன் பெயரைக் கோணல் இல்லாமல் எழுதினாள். கீழே சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. லிஃப்ட்காரர் பேனாவை வாங்கினார். கை ஆடியது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு எழுதி முடித்தார். நர்ஸ் படிவத்தைத் தூக்கி, அவருடைய அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"சார், இது உங்க கையெழுத்துதானா? ஒத்துப் போகலையே."

"என்னோடதுதாம்மா" என்றார் அவர். "பயத்துல போட்டது."